பச்சோந்தி குடித்த சேலைகள்

ஊசிப்பாறை எஸ்டேட்டின் மேல் லயத்தில் ஒரு தை மாதம் நாற்பத்தோரு பெண்கள், புருஷன்மார் உயிரோடு தின்று உறங்கிக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தார்கள் என்று சொன்னால், அடிவாரத்துக்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள், மலைக்காரர்கள் அந்த வருஷம் பனி எப்படி என்று கேட்பார்கள். பனி கடுமைதான். விடியும்போது கோழிக் கூண்டில் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தால் தண்ணீர் விழவில்லை, புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் கிடந்தது, புதுக் கொழுந்து கருகியது, இதெல்லாம் வருஷா வருஷம் நடப்பது என்பதால் இதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நான் அந்த லயத்து வரிசை வீடுகளில் பதினொன்றாம் நம்பரில் இருந்தவன், தேயிலை ஃபாக்டரியில் டிரையர் மெஷினுக்கு விறகு போட்டவன், என் வீட்டுக்காரியின் சேலை மூன்றும் இந்தக் கதைக்குள் போயிருக்கின்றன, ஆகையால் கொஞ்சம் உரிமையோடுதான் சொல்கிறேன்.

ஆறாம் நம்பர் வீடு பாவாயியினுடையது. எஸ்டேட் பதிவில் பேர் இருந்தது அவளுக்கு, அதனால் வீடும் அவள் பேரில். அவள் புருஷன் மாரப்பன் லாரி ஓட்டுகிறவன், வந்தால் நாலு நாள் இருப்பான், போனால் நாற்பது நாள் இருக்க மாட்டான், நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்று சொல்வதற்கு அவன் ஊரில் தங்கினதும் இல்லை. அந்த ஐப்பசியில் அவன் மலையேறி வரும்போது அடிவாரத்தில் ஒரு புளியங்கிளை லாரியின் பக்கக் கண்ணாடியில் உரசியது, கிளை போய்விட்டது, கிளையில் இருந்த பச்சோந்தி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பதினாலு கொண்டை ஊசி வளைவும் ஏறி எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது. மாரப்பன் அதைக் கொண்டுவந்து வாசல் திரைக் கம்பியில் விட்டான். அது ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்து, பிறகு வைத்தது.

நாலாம் நாள் அவனுக்கு வடக்கே லோடு கிடைத்தது. பாவாயி சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றாள். வீட்டைவிட்டுப் புறப்படுகிற ஆள் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும், சண்டை போட்டுக்கொண்டு போகிறவன்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் போவான், ஆனால் மாரப்பனுக்கு அன்று கிளீனர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரம், என்ன சொல்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தவன் கண்ணில் திரைக் கம்பி பட்டது.

"நான் வர்ற வரைக்கும் இது உசுரோட இருக்கணும் பாவாயி," என்றான். அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டான்.

வேறு வீடாக இருந்தால் அந்தப் பேச்சு லாரிப் புகையோடு கலைந்திருக்கும். பாவாயி அப்படிப்பட்டவள் இல்லை. அவன் 'வர்றேன்' என்று தனியாகச் சொல்லவில்லை, பச்சோந்தியோடு சேர்த்துத்தான் சொன்னான், ஆகவே அவன் வருவது இதன் உயிரோடு முடிச்சுப் போட்டிருக்கிறது, இது செத்தால் அவன் இல்லை, இது இருந்தால் அவன் எங்கேயோ இருக்கிறான், வந்துகொண்டிருக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். லயத்தில் யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. எங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்போம்.

கார்த்திகையில் குளிர் தொடங்கியது. பச்சோந்தி வெயிலில் பிறந்த ஜாதி, மலைக்குளிர் அதற்கு ஆகாது, காலையில் கறுத்துச் சுருண்டு கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கிடக்கும். பாவாயி அடுப்பங்கரையில் வைத்துப் பார்த்தாள், புகை அதன் கண்ணைக் கெடுத்தது. பிஸ்கட் டின்னுக்குள் நாற்பது வாட்ஸ் பல்பு எரியவிட்டு வைத்துப் பார்த்தாள், லயத்துக்கு வரும் கரண்ட் மாப்பிள்ளை முறுக்கில் வரும், போகும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தாள், பாட்டில் ஆறினால் அது பாட்டிலைவிட ஜில்லிட்டது. என்னிடம் வந்து டிரையர் பக்கத்தில் ஒரு மூலை கேட்டாள். இரண்டு நாள் வைத்திருந்தேன், சூட்டுக்குக் குறைவில்லை, ஆனால் தேயிலைத் தூசியில் அது தும்மவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாயைத் திறந்தபடியே இருந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் அவள் கட்டியிருந்த சேலையின் மடியிலேயே அதைச் சுற்றி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டுச் சந்தனமேரி சிரித்தாள். "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு குத்துதே குடையுதேன்னாளாம் ஒருத்தி. இதுவரைக்கும் பழமொழின்னுதான் நெனச்சிருந்தேன்."

"குத்தல யக்கா," என்றாள் பாவாயி. "பிடிச்சுக்குது. அவ்வளவுதான்."

ஒரு மாதத்தில் வருவதாகக் கணக்கு. ஒரு மாதம் ஆனது, கடுதாசி இல்லை. லாரி ஆபீசில் கேட்டதற்கு, தேயிலைப் பெட்டிகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன, லாரியையும் அங்கே ஒப்படைத்துவிட்டான், அதற்குமேல் எங்களுக்குத் தெரியாது என்றார்கள். லயத்தில் வாய்கள் மெல்லத் திறந்தன, பாவாயி வந்தால் மூடிக்கொண்டன. அவள் மட்டும் தினமும் காலையில் மடியைத் திறந்து பார்ப்பாள், அதன் இரண்டு கண்களில் ஒன்று அவளையும் ஒன்று ரோட்டையும் பார்க்கும், அவள் நிம்மதியாக வேலைக்குக் கிளம்புவாள். நாங்களும் அதற்கு 'லாரிக்காரர்' என்று பேர் வைத்துவிட்டோம். "லாரிக்காரர் சாப்பிட்டாரா?" என்று கேட்போம். "ரெண்டு ஈ சாப்பிட்டாரு," என்பாள்.

மார்கழி நாலாம் தேதி முதல் உறைபனி விழுந்தது. காலையில் எழுந்தபோது பாவாயி மடியில் அவித்த முட்டையைக் கட்டிக்கொண்டதுபோல் ஒரு சூடு இருந்தது. பார்த்தால், அவள் கட்டியிருந்த அரக்குச் சேலை முந்தியிலிருந்து கொசுவம்வரை தும்பைப் பூவாக வெளுத்திருந்தது, பச்சோந்தி அரக்கு நிறத்தில், முதுகுத் தண்டு நெடுக மஞ்சள் கரை ஓட, விலாவில் சேலையில் இருந்த அதே கடுகுப் புள்ளிகளோடு, திரைக் கம்பியில் ஏறி உட்கார்ந்து ஈ தேடிக்கொண்டிருந்தது. பாவாயி சேலையை உதறிப் பார்த்தாள். பிறகு, இனி இதைத்தான் கட்டிக்கொண்டு போக வேண்டும், நேரமாகிவிட்டது என்று தலையை முடிந்துகொண்டாள்.

காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்தை நாங்கள் பெரட்டுக் களம் என்போம். அங்கே அவள் வெள்ளைச் சேலையில் வந்து வரிசையில் நின்றதும் நாற்பது பெண்களும் வாயில் கைவைத்தார்கள், கங்காணி இருளாண்டி பேரேட்டில் பென்சிலை வைத்தபடி நின்றுவிட்டார், மாரப்பன் செய்தி வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். அழுவதற்கு ஆயத்தமாக ஒருத்தி மூக்கை உறிஞ்சவும் தொடங்கிவிட்டாள்.

"எப்பம்மா சேதி வந்துச்சு?" என்றார் கங்காணி.

"சேதி ஒண்ணும் வரலீங்க. சேலையோட நெறத்த லாரிக்காரரு எடுத்துக்கிட்டாரு. குளிருக்கு."

கங்காணி கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஆளு நல்லாருக்காரா?"

"நல்லாருக்காருங்க. சுடச்சுட இருக்காரு."

"சரி, மூணாம் நம்பர் மலைக்குப் போ," என்று பேரேட்டில் குறித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஆறாம் நம்பர் வீட்டுக்கு வந்து, லாரிக்காரரின் முதுகில் ஆளுக்கொரு தரம் விரலை வைத்துப் பார்த்து, ஆமாம் சூடுதான் என்று சொல்லிக்கொண்டு, அடுப்பில் சோறு கொதிக்கிற ஞாபகம் வந்து கலைந்து போனார்கள்.

ஒரு சேலையின் சூடு மூன்று நாள் வந்தது. நாலாம் நாள் நிறம் மங்கி, லாரிக்காரர் சாம்பலாகி, பிடி தளர்ந்து கம்பியில் தொங்குவார், உடனே அடுத்த சேலை வேண்டும். பாவாயியிடம் இன்னும் ஆறு சேலைகள் இருந்தன. பெட்டியைத் திறந்து ஆறையும் எடுத்து வைத்துக்கொண்டு, மார்கழிக்கு இன்னும் இத்தனை நாள், தைக்கு இத்தனை நாள், மாசி பாதிவரை பனி இருக்கும் என்று விரலை மடக்கிப் பார்த்தாள், விரல்கள் மிஞ்சின, சேலைகள் மிஞ்சவில்லை. இருந்தாலும் கொடுத்தாள். நீலம் போனது, கத்தரிப்பூப் போனது, கல்யாணத்துக்குக் கட்டிய கூரைப்புடவை போனது, அது மட்டும் ஒன்பது நாள் தாங்கியது. கூரைப்புடவையும் வெளுத்த அன்று அவள் சாப்பிடவில்லை. புருஷன் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று தாலி கட்டிய புடவையையே தாலி அறுத்தவள் புடவையாக்கிவிட்டேனே என்று சந்தனமேரியிடம் சொல்லி அழுதாள், அந்தக் குளிர்காலத்தில் அவள் வாய்விட்டு அழுதது அந்த ஒரு தடவைதான்.

சந்தனமேரி எழுந்து போய்த் தன் கிறிஸ்துமஸ் சேலையைக் கொண்டுவந்து வைத்தாள். "எம் புருஷன் ஒருத்தன் இருக்கான்னுதான் பேரு," என்றாள். "வெள்ளை கட்டினா என்ன, பச்சை கட்டினா என்ன. அவன் கண்ணுக்கு நான் எப்பவும் சட்டிபானை நெறந்தான்."

அதன் பிறகு முறை வைத்தாயிற்று. முதல் நம்பர் வீட்டிலிருந்து இருபத்திரண்டாம் நம்பர் வீடுவரை, தைக் குளிருக்கு ஒன்று போதாமல் மூன்று நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினார்கள். இது என்னடா கூத்து என்று முதலில் புருஷன்மார் முறைத்தார்கள், என்னையும் சேர்த்துத்தான், நான் நன்றாக இருக்கும்போது நீ வெள்ளை கட்டினால் என் ஆயுசு என்னாவது என்று நானும் கேட்டேன், அதற்கு என் வீட்டுக்காரி, உங்க ஆயுசு சேலையிலயா இருக்கு, சாராயத்துலல்ல இருக்கு என்று சொன்னாள், அதற்குமேல் நான் கேட்கவில்லை. எஸ்டேட் மேனேஜர் ஜீப்பில் போகும்போது மலைச் சரிவில் கொக்குக் கூட்டம்போல் வெள்ளைச் சேலைகளைப் பார்த்துவிட்டுக் கங்காணியைக் கூப்பிட்டு யார் செத்தது என்று விசாரித்தார். யாரும் சாகவில்லை என்று சொன்னதும், கொழுந்து எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பொழுது போகப் போக எங்கள் பெண்களுக்கு அதில் ஒரு தேர்ச்சியே வந்துவிட்டது. சிவப்புக்குச் சூடு அதிகம், நீலம் நின்று நிதானமாகக் கொடுக்கும், பச்சையை லாரிக்காரர் சொந்தச் சொத்தாக நினைத்து வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் கொடுக்க மாட்டார். பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த சேலை ஒரு நாள்கூடத் தாங்காது, கட்டிக் கட்டி நைந்த சேலை நாலு நாள் வரும். மூட்டை தூக்கிக்கொண்டு வீடு வீடாக வரும் துணி வியாபாரி, எல்லாம் கெட்டிச் சாயம் என்று வழக்கம்போல் சத்தியம் பண்ணினார், பெண்கள் அவரை உள்ளே கூப்பிட்டு அவர் விற்ற சேலையைக் கட்டியிருந்த லாரிக்காரரைக் காட்டினார்கள், வியாபாரி குனிந்து பார்த்து, பாருங்கள், பார்டர்கூட நூல் பிசகாமல் ஏறியிருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

எங்கள் லயத்தில் நிஜமாகவே புருஷன் இல்லாதவள் ஒருத்திதான், பதினேழாம் நம்பர் அங்காத்தாள், பன்னிரண்டு வருஷமாக வெள்ளைதான். முறையில் அவளிடம் சேலை கேட்க முடியாது, கேட்டாலும் கொடுக்க நிறம் இல்லை. தையில் ஒன்பதாம் நம்பர்ப் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. சுமங்கலிகள் வளையல் போட வரிசையாக வந்தார்கள், எல்லோரும் வெள்ளை, பந்தலில் ஒரே வெள்ளை, இதில் யாரைத் தள்ளி நிறுத்துவது என்று யாருக்கும் கண் பிடிபடவில்லை, அங்காத்தாள் கையிலும் யாரோ இரண்டு கண்ணாடி வளையலைக் கொடுத்துவிட்டார்கள், அவளும் போட்டுவிட்டாள். முடிந்த பிறகுதான் நாலு பேருக்கு உறைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு புளிச்சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். அந்தக் குழந்தை இன்றைக்கு நன்றாக வளர்ந்து எங்களையெல்லாம் எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது.

தை கடைசியில் சேலைகள் தீர்ந்தன. ஆம்பிளைகளின் லுங்கிகளைக் கொடுத்துப் பார்த்தோம், ஒரு வேளைக்கு மேல் வரவில்லை. குழந்தைகளின் சட்டையைக் கேட்க யாருக்கும் மனசு இல்லை. பனியோ இன்னும் இருபது நாளாவது கொட்டும். லாரிக்காரர் சாம்பல் நிறத்தில் பாவாயியின் மடியில் கிடந்தார், ரோட்டைப் பார்க்கிற கண் மூடிக்கொண்டது, அவளைப் பார்க்கிற கண் மட்டும் திறந்திருந்தது. பாவாயி வேலைக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் அண்ணன் வந்தார். நாச்சிமுத்து என்று பேர், மேட்டுப்பாளையத்தில் வாழைக்காய் மண்டியில் வேலை, தங்கை மேல் உயிர். எங்கள் லயத்து ஆள் யாரோ மண்டிக்குப் போனபோது, உங்க தங்கச்சி இப்பல்லாம் வெள்ளைச் சேலையிலதான் இருக்குது என்று போகிறபோக்கில் சொல்லிவைத்திருக்கிறான். இந்த மாதிரிச் செய்தி காதில் விழுந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். எப்படி, என்றைக்கு என்று கேட்பதே பாவம். பிறந்த வீட்டுக்காரன் செய்ய வேண்டியது ஒன்றுதான், தாலி இழந்தவளுக்குக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு போய்ப் போட வேண்டும். நாச்சிமுத்துவும் வெள்ளைக் கோடி எடுத்து, பெண்டாட்டியையும் இரண்டு பங்காளி வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, ஜீப் பிடித்து, கடைசி வளைவிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு மேலே வந்தார்.

அவர்கள் வந்து இறங்கினது மத்தியானம், கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் மலையிலிருந்து இறங்குகிற நேரம். எதிரே நாற்பது பெண்கள் வெள்ளைச் சேலையில் வரிசையாக வந்துகொண்டிருந்ததைப் பார்த்து நாச்சிமுத்து மாரில் அடித்துக்கொள்வதை விட்டுவிட்டார்.

"அடக் கடவுளே," என்றார் என்னிடம். "அத்தன ஆம்பளைங்களுமா போயிட்டாங்க? பஸ்ஸு கிஸ்ஸு உருண்டுருச்சுங்களா?"

"யாருங்க போனது? அதோ, வெத்தலை போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க பாருங்க," என்று காட்டினேன்.

விஷயத்தை விளக்கிச் சொல்ல ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் பிடித்தது. நாச்சிமுத்து பொறுமையாகக் கேட்டார், பச்சோந்தி சேலையைக் குடித்த விஷயத்தில் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, அவருக்கு வந்த சந்தேகமெல்லாம் மாரப்பனைப் பற்றித்தான். உள்ளே போய்த் தங்கையின் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, நாலு மாசமா ஒரு கடுதாசி இல்ல. உசுரோட இருக்கறவன் ஒரு வரி எழுத மாட்டானா? அவன் போயிட்டான் கண்ணு. மனசத் தேத்திக்க."

"இதுக்கு உசுரு இருக்குதுங்ண்ணா."

"அது பல்லி மாதிரி ஒரு ஜந்து. அதுக்கும் அவனுக்கும் என்ன?"

"அவருதான் சொல்லிட்டுப் போனாரு."

நாச்சிமுத்து கோடியைப் பார்த்தார். அவருடைய கஷ்டமும் எங்களுக்குப் புரிந்தது. கோடி என்று ஒன்றை எடுத்துக்கொண்டு படி இறங்கினால் அதைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனால் அந்த வீட்டில் ஒரு சாவு காத்திருக்கிறது என்று அர்த்தம். அவள் வாங்கிக்கொண்டால் மாரப்பன் செத்தவன் ஆகிறான், வாங்கிக்கொள்ளாவிட்டால் அது இவர் வீட்டு வாசலைத் தேடும். அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மஞ்சள் பையில் கோடி இருந்தது.

நாச்சிமுத்துவின் பெண்டாட்டி செல்லாத்தாள் அதுவரை வாயே திறக்கவில்லை. தடித்த சரீரம், மூச்சு வாங்கிக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள், அவள் கட்டியிருந்தது நைந்துபோன ஒரு செங்கல் நிறச் சேலை, சாவு வீட்டுக்கு என்று பழசாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தது. பாவாயியின் மடியில் கிடந்ததையே அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்களும் அவள் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தோம், வாயைத் திறந்து யாரும் கேட்கவில்லை, கேட்கிற காரியமா அது.

"ஏனுங்க," என்றாள் புருஷனிடம். "அது நடுங்குதுங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"கொஞ்சம் வெளிய போயி நில்லுங்க."

அவர் எழுந்து வெளியே போனார், நானும் போனேன். கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் திறந்தது. செல்லாத்தாள் கோடியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நாச்சிமுத்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். கட்டின பெண்டாட்டி கோடிச் சேலையில் எதிரே வந்து நிற்பதைப் பார்த்த புருஷன் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்.

"என்னடி பண்ணிட்ட," என்றார்.

"உங்க தங்கச்சி வாழ்நாள் பூராவும் கட்டட்டும்னு எடுத்துட்டு வந்தீங்க. நான் வீடு போறவரைக்கும் கட்டினா ஒண்ணும் ஆயிராது. கோடியத் திரும்பக் கொண்டுட்டுப் போகக் கூடாதுன்னுதான் சாங்கியம். உடுத்திக்கிட்டுப் போகக் கூடாதுன்னு யாரும் சொல்லல." பிறகு உள்ளே திரும்பி, "பாவாயி, உள்ளாற வெச்சுச் சுத்து கண்ணு, அதுல முந்தில கொஞ்சம் எண்ணெ இருக்கும், பரவால்ல," என்றாள்.

பங்காளி வீட்டுப் பெண்களும் தங்கள் சேலைகளை மாற்றிக் கொடுத்தார்கள், எங்கள் பெண்களின் வெள்ளைகளைக் கட்டிக்கொண்டார்கள். சாவுக்கு வந்த நாலு பேரும் அன்று வெள்ளையில் மூன்று பேரும் வெலவெலத்துப்போய் ஒருத்தருமாக ஜீப்பில் இறங்கிப் போனார்கள். நாச்சிமுத்து இன்றுவரை நன்றாக இருக்கிறார், சர்க்கரை மட்டும் கொஞ்சம்.

செல்லாத்தாளின் அந்தச் செங்கல் நிறம் பத்தொன்பது நாள் தாங்கியது. பங்காளி வீட்டுச் சேலைகளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஜென்மத்துக்கும் சேர்த்து எரிகிற கரிபோல் அது எரிந்தது, நிறம் மங்காமல், எண்ணெய்க் கறைகூட இடுப்புக்குக் கீழே அப்படியே தெரிய, லாரிக்காரர் கம்பியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அது சாயத்தின் குணமா கட்டினவளின் குணமா என்று லயத்தில் இரண்டு கட்சி ஆயிற்று. நான் சாயக் கட்சி, என் வீட்டுக்காரி எதிர்க்கட்சி, வீட்டில் அவள் கட்சிதான் ஜெயித்தது. மாசி பாதியில் பனி நின்றது. பெண்கள் தேயிலைத்தூளைக் கொதிக்கவைத்து வெள்ளைச் சேலைகளுக்குச் சாயம் போட்டார்கள், லயம் முழுக்கக் காவி நிறமாகிச் சாமியார் மடம்போல் இருந்தது. பாவாயி மட்டும், அவர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாயம் போடாமல் வைத்திருந்தாள்.

மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை மாரப்பன் வந்தான். மத்தியான ஜீப்பில் வந்து இறங்கினான், கொஞ்சம் சதை போட்டிருந்தான், புதுச் சட்டை, தோளில் ஒரு டிரான்சிஸ்டர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தோம், எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம், சந்தனமேரி ஓடிப்போய் பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கே கண் கலங்கியது, காப்பாற்றிவிட்டோமே என்று இருந்தது.

அவன் பாவாயியைப் பார்த்துத் திகைத்தான். "என்ன புள்ள வெள்ளையில நிக்கற? எவன் செத்தான்?"

"யாரும் சாகல. எங்கீங்க இருந்தீங்க இத்தன நாளா?"

"வடக்கதான். போன எடத்துல ஒரு மில்லுல வண்டி ஓட்டச் சொன்னாங்க. லோடு மேல லோடு. எழுதணும் எழுதணும்னு நெனச்சுட்டேதான் இருந்தேன்." சொல்லிக்கொண்டே உள்ளே தலையை விட்டவன், திரைக் கம்பியைப் பார்த்துவிட்டுப் பலமாகச் சிரித்தான். "அடேடே, இது இன்னுமா இருக்கு? நான் இதச் சுத்தமா மறந்தே போயிட்டேன் புள்ள."

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது.

"நீங்கதானே சொன்னீங்க. நான் வர்ற வரைக்கும் இது உசுரோட இருக்கணும்னு."

"நானா? எப்போ?"

அவன் பொய் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்துப் பார்த்தான், ஞாபகம் வரவில்லை, வராததைப் பற்றி அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் பெட்டியைத் திறந்து, உனக்குத்தான் என்று ஒரு சேலையை எடுத்து நீட்டினான், நல்ல குங்குமச் சிவப்பு, இரண்டு பக்கமும் விரற்கடை அளவுக்கு ஜரிகை, எங்கள் லயத்தில் அதற்கு முன்பும் பின்பும் யாரும் கட்டாத சேலை. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

அப்போது கீழிருந்து மூடுபனி ஏறிவந்தது, மாசியிலும் சில நாள் மத்தியானத்தில் அப்படி வரும், வெயில் மறைந்து சில்லென்றது, லாரிக்காரர் கம்பியில் நிறம் வெளிறத் தொடங்கினார். பாவாயி யோசிக்கவே இல்லை. அத்தனை மாதப் பழக்கம் அவள் கைக்கு, கம்பியிலிருந்து அதை எடுத்துப் புதுச் சேலையின் மடிப்புக்குள் வைத்துச் சுற்றினாள். ஐயோ புதுச்சேலை என்று மாரப்பன் கையை நீட்டுவதற்குள் சேலை வெளுத்துவிட்டது, ஜரிகைகூட நரைத்தது. பிரித்துப் பார்த்தபோது லாரிக்காரர் உச்சியிலிருந்து வால்வரை குங்குமச் சிவப்பில், விலாவில் பொன் கோடு மின்ன, ராஜா மாதிரி இருந்தார்.

வழக்கம்போல் சந்தனமேரி முதுகில் விரலை வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். பிறகு என் வீட்டுக்காரி வைத்தாள், ஒன்பதாம் நம்பர்க்காரி வைத்தாள், அங்காத்தாள் வைத்தாள்.

"என்னவாம்?" என்றான் மாரப்பன்.

"சில்லுன்னு இருக்குது," என்றாள் சந்தனமேரி.

"புதுச் சேலதானே, கட்டிப் பழகாதது," என்று யாரோ நல்ல மனசோடு சொன்னார்கள். புதுச் சேலைகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம், ஒரு பகலாவது தாங்கின. லுங்கிகூட ஒரு வேளை தாங்கியது. அந்தச் சேலையின் நிறம் அவ்வளவும் ஏறியிருந்தது, சூடு என்று ஒரு குந்துமணி இல்லை, அது அந்த அழகோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

பாவாயியும் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கித் தான் கட்டியிருந்த பழைய வெள்ளைச் சேலையின் மடிக்குள், வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டாள், எடுத்துக்கொள்ள அதில் நிறம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அது நாலு காலாலும் பிடித்துக்கொண்டது. அவள் முகத்தில் கோபம் இல்லை. இத்தனை நாள் அந்த வீட்டுக்குள் அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தது இவனை இல்லை, மடியில் கிடக்கிற இதைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, அது எங்களுக்கும் தெரிந்தது. ஒரு கையால் மடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தட்டைக் கழுவி, பாயை உதறிப் போட்டாள்.

"சோறு இருக்குது," என்றாள் மாரப்பனிடம், தூரத்து ஊரிலிருந்து வந்தவர்களிடம் பேசுகிற தணிந்த குரலில். "சாப்பிட்டுட்டுப் போங்க."

அவன் எங்களைப் பார்த்தான், நாங்கள் மலையைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான், பசி இருந்திருக்கிறது, அவளும் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றினாள், மூன்று மணி ஜீப்பில் இடம் இருந்தது.